வடகம் தாளித்த நாள்

தாளிக்காத பண்டத்தை நான் யாருக்கும் வைத்ததில்லை. குழம்போ ரசமோ வெறும் மோரோ, என் கையை விட்டு இலைக்குப் போகுமுன் அதன் தலையில் ஒரு கரண்டி சூடு இறங்கியிருக்க வேண்டும். கடுகு வெடிக்காத வீடு இழவு வீடு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லை. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை தாளிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. உப்பும் புளியும் போட்டு வேகவைத்து இறக்கியதை அப்படியே சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் சாவு இல்லாத நாளில் தாளிக்காமல் வைக்க எங்களுக்குக் கை கூசும். எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

இந்தக் கை கூச்சம் எனக்கு முதலில் வந்தது சின்ன வயதில். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதை ஞாபகப்படுத்தியவர் ஓர் இத்தாலிக்காரர். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் கதை நிற்காது.

படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. கம்பெனிகளில் மெஷின் மாட்டிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். அந்த வீட்டு அடுப்பு என் பொறுப்பு. சமையல்காரி என்று யாராவது சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சொந்த வீடு எனக்கு ஊருக்குள் இருக்கிறது. அதை அறை அறையாகத் தடுத்து ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் எழுந்திருக்கும்போது அவர்கள் தூங்குவார்கள், நான் திரும்பி வரும்போது கம்பெனி பஸ் ஏறப் போயிருப்பார்கள். வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்து யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துகொள்வேன். மகன் ஓசூரில் இருக்கிறான். போன் செய்வான். சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

அந்த அடுக்குமாடி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி இருக்கிறான், ஊர் தூத்துக்குடிப் பக்கம். வந்த நாளிலிருந்து என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறான்.

"ஆச்சியா? நான் இன்னா செட்டியாரூட்டு ஆளா? பெரிம்மான்னு கூப்புடு" என்றேன் ஒரு நாள்.

"எங்கூர்ல அதுதான் மரியாத, ஆச்சி."

"உங்கூரு மரியாதய நீ பஸ்ஸுல வர்றப்பவே எறக்கி வச்சிட்டு வந்திருக்கணும்."

சிரிப்பானே தவிர மாற்றிக்கொள்ள மாட்டான்.

இத்தாலிக்காரர் வந்து சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நல்ல உயரம், தாடி நரைத்தவர். வாசற்படியில் நுழையும்போது தானாகவே தலையைக் குனிந்துகொள்வார். தலை இடிக்காத உயரமான நிலைக்கும் குனிவார். நான் வைத்த சாம்பாரை மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாழைப்பழத்தை உரித்துக்கொள்வார். தட்டு அப்படியே திரும்பி வருவது எனக்குப் புதிது. மனசுக்குள் ஒரு முள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் கையில் பையோடு அடுப்பங்கரைக்குள் வந்து நின்றார். பின்னாலேயே தம்பி.

"சார் அவியளே ஒண்ணு செஞ்சுக்கிடுதேங்காவ, ஆச்சி. தக்காளில. அடுப்பே வேண்டாமாம்."

"அடுப்பு வேணாமா? அப்ப அதுக்குப் பேரு இன்னா சமையலு?"

"அவிய ஊர்ச் சாப்பாடு. நீங்க சும்மா நின்னு பாருங்க."

பார்த்தேன். தக்காளியைக் கழுவி, துடைத்து, வட்டம் வட்டமாக நறுக்கினார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். தண்ணீருக்குள் வெள்ளை உருண்டை ஒன்று மிதந்தது. உரித்த முட்டை என்று நினைத்தேன். கத்தி வைத்ததும் மெத்தென்று இறங்கியது, பால் கசிந்தது.

"பால் கட்டி, ஆச்சி. பால திரிய வச்சு உருட்டுதது."

"திரிஞ்ச பாலை நாங்க கீழ ஊத்துவோம்."

"அவிய காசு குடுத்து வாங்கித் திங்காவ."

ஒரு சிவப்பு வட்டம், ஒரு வெள்ளை வட்டம் என்று தட்டைச் சுற்றி அடுக்கினார். நடுநடுவே வைக்க ஏதோ இலை வேண்டுமாம், துளசி மாதிரி இருக்குமாம். பெருமாளுக்குப் போடுவதைப் போய்த் தக்காளியோடு தின்பார்களா என்று நினைத்துக்கொண்டே, பால்கனித் தொட்டியிலிருந்து நாலு துளசி கிள்ளிக் கொடுத்தேன். ஒன்றை மென்று பார்த்து முகத்தைச் சுளித்தார். வேறே என்று கையைக் காட்டினார். மறுநாள் பூக்காரியின் கூடையில் கதம்பத்துக்கு வைத்திருந்த திருநீற்றுப்பச்சையை வாங்கி வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதுவேதான் போலிருக்கிறது. அன்றும் அதேபோல் அடுக்கி, நடுநடுவே அந்த இலையைச் செருகினார். மேலே உப்பும், அவர் ஊர் எண்ணெயும். முடிந்தது.

எனக்கு முடியவில்லை. ஒரு மனுஷன் கடல் தாண்டி வந்து நம் வீட்டில் உட்கார்ந்து, பச்சைத் தக்காளியையும் திரிந்த பாலையும் தாளிக்காமல் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவா நான் அங்கே இருக்கிறேன்? அவர் போன் வந்து கூடத்துக்குப் போன நேரத்தில் கரண்டியை அடுப்பில் வைத்தேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் என் வடகத்தை உதிர்த்துப் போட்டேன். வடகம் என்றால் பொரித்துத் தின்கிற வற்றல் இல்லை, அது தெற்கத்தியார் பேச்சு. எங்கள் பக்கத்து வடகம் தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், உளுந்து எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, சித்திரை வெயிலில் கருக்கக் காயவைத்த உருண்டை. எண்ணெயில் விழுந்தால் தெருமுனையில் போகிறவனுக்கும் பசிக்கும். சொர்ரென்று தட்டின் மேல் ஊற்றிவிட்டேன். வெள்ளை வட்டத்தின் மேல் கருப்புக் கருப்பாக வெங்காயம் ஒட்டிக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கரண்டியோடு நின்றிருந்தேன், இறக்கவில்லை. உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். கடுகு பல்லில் பட்டதும் தாடி அசைந்தது. அப்புறம் தலை நிமிரவேயில்லை. கடைசியில் ரொட்டியால் தட்டை வழித்தார்.

"இத்தாலிக்கே தாளிச்சிட்டியளே, ஆச்சி" என்றான் தம்பி.

அதன் பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் ஏற்பட்ட வேலைப் பங்கீடு. அவர் நறுக்கி அடுக்குவார். எண்ணெய் விட்டதும் ஒதுங்கி நின்று, உங்கள் பங்கு என்பது போல் அடுப்பைக் காட்டுவார். அவர் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. ஆனால் வடகம் வெடிக்கிற நேரம் மட்டும் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டைகூட மாற்றாமல் தக்காளியை எடுத்தார். வழக்கம்போல் நறுக்கினார், அடுக்கினார். நான் கரண்டியை எடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார். வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அடி வாங்கின மாதிரி இருந்தது எனக்கு. என் தாளிப்பு அலுத்துவிட்டதா? அல்லது இத்தனை நாளும் மரியாதைக்குத்தான் தின்றாரா? கரண்டியைக் கழுவாமலே கவிழ்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

காலையில் போனதும் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சாருக்கு அண்ணன் தவறிட்டாவளாம், ஆச்சி. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சொல்லல. சொன்னா வேலய நிப்பாட்டி அனுப்பி வச்சிருவாவன்னு நெனச்சாவளோ என்னமோ. அவிய வீட்ல இருந்து இங்க போன் வந்ததுலதான் எனக்கே தெரியும். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதிய."

அன்று சாயங்காலம் தாளிக்கிற கரண்டியை அவர் கண்ணில் படாமல் உள்ளே வைத்தேன். அவர் நறுக்கி அடுக்கியதும் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டில் வேலைக்கு வந்தபின் அந்த மேஜையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அவர் ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் என் பக்கம் தள்ளினார். சப்பென்று, குளிர்ச்சியாக, இழவு வீட்டுச் சோறு மாதிரியே இருந்தது. துக்கத்துக்குத் தாளிக்காமல் இருப்பது அவர்கள் ஊர்ப் பழக்கமில்லை, எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. அவருக்கு அன்று அது வீட்டு ருசியாக மட்டும் வேண்டியிருந்திருக்கும். இருந்தாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரிடமும் சொல்லாமல், தாளிக்காமல் சாப்பிட்டுத் துக்கம் காத்த ஓர் ஆளை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் இத்தாலிக்காரர் போய்விட்டார். இப்போது அந்த மாடியில் யாருமில்லை. நாற்காலிகளைத் துடைத்து வைத்துவிட்டு, சில நாள் எனக்கு மட்டும் ஒரு தக்காளியை வட்டமாக நறுக்கிக்கொள்கிறேன். அப்போது ஞாபகத்தில் வருகிறவள்தான் என் சித்தி.

சித்தி என் அம்மாவுக்குத் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் தக்காளி வாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் புளிதான். சித்திதான் எங்கிருந்தோ விதை கொண்டுவந்து துணி துவைக்கிற கல்லோரம் செடி வைத்தாள். பழுத்ததும் அரிவாள்மனையில் வட்டமாக அரிந்து, அலுமினியத் தட்டில் பரப்பி, உப்புத் தூவுவாள். எனக்கு ஒரு வட்டம், அவளுக்கு ஒரு வட்டம். பெரியது எப்போதும் எனக்கு.

அப்பா பார்த்தால் கேலி செய்வார். "பச்சயாத் துன்றதுக்கு நீ இன்னா ஆடா?"

"ஆடு தழையத்தான் துன்னும் மாமா. பழம் துன்னா அது கொரங்கு. ஒரு வட்டம் வேணுமா?"

அப்பா சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார். அவருக்கு அவள்மேல் அத்தனை பிரியம் இருந்தது. இருந்ததால்தான் பிற்பாடு அத்தனை ஆத்திரம் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்ப வந்த கொத்தனார் ஒருவரோடு சித்தி போய்விட்டாள். வேற்று ஆள், வேற்று ஊர். அப்பா நாலு பேருக்கு நடுவில் வாசலில் நின்று ஒரு குடம் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். அம்மாவுக்கு ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். தலை முழுகுவது என்றால் உறவு அற்றது, இனி அவள் செத்தவள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. எண்ணெய் வைக்காமல் தலைக்கு ஊற்றினதால் கண் எரியவில்லையே என்று சந்தோஷமாக நின்றேன். தீபாவளிக்கும் இப்படியே ஊற்றினால் என்ன என்று அம்மாவைக் கேட்டேன்.

"இனிமே அந்தப் பேரு இந்த வூட்ல கேட்டுது" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "சொன்ன வாயும் அவ பின்னாலயே போவணும். பொண்ணு என்கிட்ட இருக்கும்."

அப்புறம் போய்த் தக்காளிச் செடியைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். பச்சைக் காய்கள் இரண்டு கல்லோரம் உருண்டு கிடந்தன. நான் எடுத்து ஒளித்து வைத்தேன். பழுக்காமலே சுருங்கிப் போயின.

நான் சொல்ல வந்த நாள் அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்ததோ. எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வருகிற வளையல்காரர் எங்கள் வாசலில் மூட்டையை இறக்கினார். எனக்குச் சிவப்பு வளையல் வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். முதலில் அம்மா கையை நீட்டினாள். அவர் வளையலை நெரித்து ஏற்றிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி என்னவோ சொன்னார். பெங்களூர் ரோட்டில் எந்த ஊரிலோ, பிரசவத்தில், என்று இரண்டு வார்த்தை என் காதிலும் விழுந்தது. ஊருக்கு ஊர் போகிறவர், யாரோ பிரசவித்த சேதி சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். என் கண்ணெல்லாம் சிவப்பு வளையலில்.

அம்மா கையை வெடுக்கென்று இழுத்தாள். பாதி ஏறின வளையல் நெரிந்து உடைந்தது. வளையல்காரர் உடைசலைப் பொறுக்கிக்கொண்டார், காசு கேட்கவில்லை, மூட்டையைக் கட்டினார்.

"எனக்கு?" என்றேன்.

"அடுத்த வாட்டி வாங்கிக்கலாம் போடி."

அம்மா கொல்லைப்பக்கம் போனாள். குடத்துத் தண்ணீரை அப்படியே புடவையோடு தலையில் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. வேறு புடவை சுற்றிக்கொண்டு வந்து, ஈரத்தலையோடு அடுப்பின் முன் உட்கார்ந்தாள். காராமணிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கினாள். தட்டுப் போட்டு மூடினாள். அவ்வளவுதான், மறுபடியும் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

வளையல் கிடைக்காத கோபத்தில் நான் ஒரு விரல் குழம்பை நக்கிப் பார்த்தேன். தாளிக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடுகு வெடிக்காத வீடு என்ன வீடு என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அம்மா மறந்துவிட்டாள். இப்படியே விட்டால் எங்கள் வீட்டில் சாவு விழும். அம்மா கொல்லையில் இருக்கிறாள், நான் இங்கே இருக்கிறேன். வெளியே இருப்பது அப்பாதான். ஏரிக்கரைக் கழனியில் பாம்பு அதிகம்.

வடகப் பானையில் கை விட்டேன். எண்ணெயை எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் கரண்டி நிறைய ஊற்றினேன். அடுப்பில் தணல் இன்னும் இருந்தது. எண்ணெய் புகைகிறவரை காத்திருந்து, வடகத்தைப் போட்டேன். வெடித்தது பாருங்கள், முகத்தை மூடிக்கொண்டேன். மூடிய கையோடு நின்றால் கருகிவிடும் என்று ஒரு கையை எடுத்துக் கரண்டியைத் தூக்கிக் குழம்பில் கவிழ்த்தேன். சொர்ரென்று ஒரு சத்தம். வீடு முழுக்க மணம். நானா செய்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழம்பின் மேல் மிதக்கிற கருப்பு வெங்காயத்தையே பார்த்தாள்.

"நீ மறந்துட்டம்மா. நான் தாளிச்சிட்டேன்."

அம்மா வாயைத் திறந்து மூடினாள். என்னைக் கட்டிக்கொள்வாள், கெட்டிக்காரி என்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் குனிந்து என் கையில் தெறித்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள், அவ்வளவுதான். அதற்குள் வாசலில் அப்பாவின் செருமல் கேட்டது. அந்நேரத்துக்கு அவர் வருவதே இல்லை.

உள்ளே வந்து அம்மாவின் தலையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இந்நேரத்துல தல முழுவின?"

"ஒட்டட அடிச்சேன். தலையெல்லாம் கொட்டிகிச்சு."

அப்பா ஒட்டடை படிந்த கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். அடுப்பங்கரைக்குள் வந்து, குழம்புச் சட்டிமேல் அம்மா மறுபடியும் போட்ட தட்டைத் தன் கையால் எடுத்துப் பார்த்தார். சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சுவரோடு சுவராக நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். தலை ஈரம், குளிர்கிறது என்று நினைத்தேன்.

"சோறு போடு" என்றார் அப்பா.

உட்கார்ந்து சாப்பிட்டார். நிறையவே சாப்பிட்டார். "வடகம் வாசன தெருமுனை வரிக்கும் கீது இன்னிக்கி" என்றார். அந்த வார்த்தைக்குத்தானே நான் காத்திருந்தேன். "நாந்தாம்பா" என்று தொடங்கிவிட்டேன்.

"போய் தண்ணி மொண்டுகினு வாடி" என்றாள் அம்மா. அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வரும்போது அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "எது எப்டி இருந்தாலும் உன் கைமணம் போவாது."

அம்மா "ம்" என்றாள்.

என் தாளிப்பு! என் கண்ணெதிரில் எடுத்துக்கொண்டாள். சொம்பை ணங்கென்று வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். வளையலும் போச்சு, பேரும் போச்சு. ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு எத்தனை அநியாயம் நடக்கும்?

சித்தி பிரசவத்தில் செத்துப்போன அந்தச் சேதி டீக்கடையில் அப்பாவுக்கும் வந்திருந்தது, அம்மா துக்கம் காக்கிறாளா என்று பார்க்கத்தான் பாதி வேலையில் எழுந்து வந்தார் என்பதெல்லாம், அவர் காலமாகிப் பல காலம் ஆன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நானே பிள்ளை பெற்றவள். "நல்ல வேள, அன்னிக்கி தாளிச்ச. இல்லன்னா என் பொழப்பு தெருவுலதான்" என்றாள். "ஒரு வேளையாவது அவளுக்குன்னு தாளிக்காம உட்ருக்கலாம்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை, அவளும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு அவளும் போய்விட்டாள். அந்தச் சாவுக்கு நான் தாளிக்காமல் இருந்த நாட்களில் ஒரு நாளைச் சித்திக்கென்று மனசுக்குள் ஒதுக்கினேன். கணக்கில் செல்லுமோ என்னவோ.

ஆனால் அன்று மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இதெல்லாம் ஏது?

அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். அம்மா தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். தன் சோற்றில் தண்ணீரை ஊற்றி, ஒரு கல் உப்புப் போட்டுப் பிசைந்தாள். என் கையால் தாளித்தது என்பதால்தான் தொடமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

"கொழம்பு ஊத்திக்க."

"வேணாம். வெரதம்."

"இன்னா வெரதம்? எந்த சாமிக்கு?"

அம்மா ஒரு வாய் சோற்றை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். "சாமிக்கு இல்ல."

அதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. எதிர் வீட்டுப் பெண் எப்போதும் தன் அம்மா வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் என்று பீற்றிக்கொள்வாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளை நிறுத்தி வைத்து, சாமியே இல்லாத விரதம் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.